மூன்று வலது ஷூ

பெட்டி முப்பத்தாறு கிலோ காட்டியது. முப்பதுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"தராசு தப்பு" என்றாள் மெர்சி.

"பேக்கிங் செக்‌ஷன் தராசு. அது தப்பாது" என்றான் ஜோசுவா.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் பேக்கிங் சூப்பர்வைசர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவன் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவன் மனைவி மெர்சி அங்கேயே தையல் பிரிவு. கம்பெனி எத்தியோப்பியாவில் தொடங்கிய புது ஆலையில் தையல் சொல்லிக்கொடுக்க நாளைக் காலை புறப்படுகிறாள். ஓராண்டு.

இருவரும் போவதாகத்தான் இருந்தது. விசாவும் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஜோசுவாவுக்கு விமானப் பயம் வந்துவிட்டது. பின்வாங்கிவிட்டான். மெர்சி கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்போ பெட்டியாவது கட்டிக் குடுங்க" என்றாள்.

கட்டினான். ஒவ்வொரு புடவையையும் மெல்லிய தாளில் சுற்றினான். குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் ஏலக்காய். விரல் நுழைய இடமில்லை. மெர்சி சர்ச்சில் நிற்பதுபோல நின்று பார்த்தாள்.

முப்பத்தாறு.

"ரெண்டாப் பிரிச்சிடலாம். பெருசு முப்பது, கைப்பைக்கு ஏழு வரைக்கும் விடுவாங்க."

பிரிக்கும்போது ஆலை வழக்கம் நினைவுக்கு வந்தது. விலை கூடிய ஷூ வெளியே போகும்போது இடது கால் ஒரு பெட்டியில், வலது கால் வேறு பெட்டியில். வழியில் எவன் திருடினாலும் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மெர்சியின் மூன்று ஜோடி ஷூவையும் அப்படியே பிரித்தான். இடது பெட்டியில், வலது கைப்பையில். அவளுக்குக் குதிகால் வலி. அவன் மெத்தை வெட்டி உள்ளே ஒட்டிக்கொடுத்த ஷூ இல்லாமல் பத்து நிமிடம் நிற்க முடியாது. அங்கே எட்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவன் கை நிற்கவில்லை. சுடிதார் டாப்ஸ் பெட்டியில், பேன்ட் கைப்பையில். கண்ணாடி இங்கே, அதன் கூடு அங்கே.

"திருடன்கூட இவ்ளோ யோசிக்க மாட்டான்" என்றாள் மெர்சி.

"அதனாலதான் மாட்டிக்கிறான்."

பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் மூன்று கிலோ ஊறுகாயுடன் வந்தார்.

"ஒரு வருஷத்துக்கு வேணுமே. ஜாஸ்தியா?"

"கம்மிதான் அக்கா" என்று மெர்சி வாங்கிக்கொண்டாள்.

ஊறுகாயைக் கைப்பையில் விமானத்துக்குள் விட மாட்டார்கள். பெட்டியில் வைத்தான். முப்பத்து மூன்று. பைபிளைக் கைப்பைக்கு மாற்றினான். கைப்பை எட்டு. பேன்ட்டுகளைப் பெட்டிக்கு மாற்றினான். மறுபடியும் முப்பத்து மூன்று. குக்கரை விட்டுவிட முடிவானது. அதற்குள் இருந்த பதினேழு சாமான்களும் வெளியே வந்தன. வீடு சந்தையானது.

"இத்த புடி" என்று மூன்று வலது ஷூவையும் மெர்சியிடம் கொடுத்தான். "கடைசில வாங்கிக்கறேன்."

மாலைக்குள் முப்பது, ஏழு. நூறு கிராம் பிசகில்லை. பெட்டிக்குப் பட்டையும் போட்டுவிட்டான். அஃப்ஸர் ஜஹான் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். தொறக்கவே மனசு வராதே."

காலையில் கம்பெனி வேன் டிரைவர் ஆல்வின் வந்து பெட்டியை ஏற்றினான். மெர்சி போனாள்.

மூன்றாம் நாள் வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. உள்ளே மூன்று வலது ஷூ.

ஜோசுவா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் வாங்க மறந்திருக்கிறான். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் தடவை.

மெர்சிக்குப் போன் போட்டான். "ஏன் சொல்லல?"

"சொன்னா பேஜார் ஆவீங்க."

"இன்னாத்த போட்டுக்கினு நிக்கற?"

"செருப்பு."

"அங்க கடையில ஒண்ணு வாங்கேன்."

"நீங்க கை வெக்காத ஷூ எனக்கு ஆவுமா?"

கூரியருக்கு ஓடினான்.

"ஒத்தக் காலா? சாம்பிள்னு கம்பெனி லெட்டர் வேணும்."

லெட்டர் கொண்டுபோனான்.

"சாம்பிள்னா புதுசா இருக்கணுமே. இது பழசு."

பாலிஷ் போட்டுக் கொண்டுபோனான்.

"இப்ப புதுசு மாதிரி இருக்குது. பில்லு குடுங்க."

ஜோசுவா நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போனான். "எத்தியோப்பியாவுல என் எடம் இன்னும் காலியா இருக்குதா சார்?"

இருந்தது.

எட்டாம் நாள் விமான நிலையம் போகும் கம்பெனி வேன் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. ஜோசுவா தன் பெட்டியைப் பத்து நிமிடத்தில் கட்டியிருந்தான். எடைகூடப் போடவில்லை. மூன்று வலது ஷூவும் மடியில் இருந்தன. அவற்றை மறுபடி மறுபடி எண்ணினான்.

"பயமா இருக்குதாண்ணே?" என்றான் ஆல்வின்.

"என் பயத்த விடு. அவ எட்டு நாளா செருப்புல நிக்கறா."

ஆல்வின் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அக்காவே ஜெயிச்சிட்டாங்கண்ணே. 'மூணு ரைட்டையும் கட்டிலுக்கடியில வெச்சுட்டு வந்திருக்கேன், பத்தே நாள்ல அவரே எடுத்துக்கினு வந்துடுவாரு'ன்னு இதே வேன்லதான் சொன்னாங்க. நான்தான் ஒரு மாசமாவது ஆவும்னு பெட்டு கட்டினேன்."