உறையைக் கழற்றியது யார்?

என் காரைக் கொன்றவன் என் தம்பி டேவிட். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மூன்று வருடமாக நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் அவன் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். “எங்க அக்கா காருக்கு ஜாக்கெட் தைச்சுது. கார் மூச்சு முட்டி செத்துப்போச்சு.” எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் சொல்வது பாதி உண்மை. மீதியை விழுங்கிவிடுகிறான். அந்த மீதியை நான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். லேடீஸ் டெய்லர். வீடு ஓரிக்கையில், கடை டவுனில். பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் ப்ளவுஸும் அன்றைக்கே வேண்டும் என்பார்கள். (“நான் என்ன மெஷினா?” என்றால், “அதான் மெஷின் வெச்சிருக்கீங்களே” என்பார்கள்.) அப்படித் தைத்துத் தைத்துத்தான் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் சக்கரம் வைத்த முதல் சொத்து என் தையல் மெஷின். இரண்டாவது அந்தக் கார்.

டேவிட் ஒரு கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறான். கதவு மாட்டுகிறவனுக்கு இஞ்சினும் தெரியும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். கல்யாணம் நிச்சயமான மறுவாரம் என் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, இந்த இஞ்சினு சூடான காத்தத்தான் இழுக்குது. அதான் பவர் இல்ல. கோல்ட் ஏர் இன்டேக் போட்டா வெளியருந்து குளுந்த காத்த இழுக்கும். பிச்சிக்கினு போவும்.”

“எங்கடா பிச்சிக்கினு போவணும்? நான் ப்ளவுஸ் டெலிவரிக்குப் போறவ.”

“சவுண்டு சூப்பரா இருக்கும்க்கா. கல்யாணத்துக்கு அதுலதான வந்து எறங்கப் போறேன்.”

கல்யாணம் என்றதும் இளகிவிட்டேன். ஒரே தம்பி. இஞ்சினுக்குக் காற்றை வடிகட்டிக் கொடுக்க காரோடு வந்த கருப்புப் பெட்டியைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். அந்தப் பெட்டிக்கு வாய் மேலே, உயரத்தில் இருந்தது. அதற்குப் பதில் ஒரு நீளக் குழாயை மாட்டி, அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைச் செருகி, முன் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

“ஏன்டா, மழை பேஞ்சா தண்ணி உள்ள போவாதா?”

“ஒண்ணும் ஆவாது. வீடியோல அதெல்லாம் சொல்லிட்டான்.”

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பேசுகிறவனுக்குப் பின்னால் ஒரு செடி இல்லை, மணல்தான் தெரிந்தது. மழையையே பார்க்காத ஊர்க்காரன் பேச்சைக் கேட்டு, ஐப்பசியில் கல்யாணம் வைத்திருக்கிறவன் குழாய் மாட்டினான்.

மாட்டிய வாரமே வானம் பிய்த்துக்கொண்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. காருக்காக மட்டும் இல்லை. பெண் வீடு ஐயம்பேட்டை, சர்ச்சும் அங்கேதான். பெண்ணின் அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மெர்சியைப் பெண் பார்க்கத் தாமதமாக வந்த ஒரு வரனைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர். நிச்சயத்தன்று எங்களிடமே சொன்னார்: “நேரத்துக்கு வராத பஸ்ஸும் மாப்ளையும் எனக்கு ஒண்ணுதான்மா.” போதாததற்குக் கல்யாணத்தன்று அதே சர்ச்சில் இரண்டு கல்யாணம். பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்து நிற்காவிட்டால் அடுத்த கல்யாணத்தை முதலில் நடத்திவிடுவேன் என்று பாஸ்டரும் சொல்லியிருந்தார்.

அந்த ஃபில்டரில் தண்ணீர் போகக் கூடாது. அவ்வளவுதானே? துணியால் ஆகாத காரியம் உண்டா? இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். மேல் சுற்றளவு, கீழ் சுற்றளவு, உயரம் எல்லாம் எடுத்தேன். (“அளவு ஜாக்கெட் இருந்தா சுலபமா இருந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்தவன் டேவிட். அப்போது அவன் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) ரெயின்கோட் துணியில் இரண்டு மடிப்பு, உள்ளே லைனிங், கழுத்தில் நாடா. தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்குமே என்று எல்லாத் தையல் மேலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். விளிம்பில் மெரூன் பைப்பிங் கொடுத்தேன். காருக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்டாள். என் கையால் ஒரு வேலை வெளியே போனால் பைப்பிங் இல்லாமல் போகாது.

தைத்து முடித்து அதில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெகுநேரம் ஆகியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது. தண்ணீர் போகாத துணியில் காற்று எப்படிப் போகும் என்ற கேள்வி மட்டும் வரவில்லை. ப்ளவுஸுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. அதில் தலைக்கும் கைக்கும் வழி விட்டுத்தான் தைப்போம்.

கல்யாண நாள் காலையிலும் கொட்டுகிற மழை. உறையை மாட்டி நாடாவைக் கட்டினேன். அம்மா குடை பிடித்துக்கொண்டு, “இன்னும் இறுக்கிக் கட்டுடி” என்றாள். கட்டினேன். பின் சீட்டில் அம்மா, மடியில் மாலை, கையில் மோதிரப் பெட்டி. என் பக்கத்தில் டேவிட், வாடகைக் கோட்டு சூட்டில். நான் ஓட்டினேன்.

தெருவுக்குள் மெதுவாகப் போனவரை கார் நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. நாடா வழியாகக் கொஞ்சம் காற்றுக் கசிந்திருக்கும். மெயின் ரோட்டில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இருமியது. இன்னும் மிதித்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன், திரும்பத் திரும்ப நின்றது.

“இன்னாக்கா பண்ண?”

“நான் இன்னாடா பண்ணேன்? நீதான குழாய மாட்டன.”

டேவிட் இறங்கினான். நல்லது கெட்டது பார்க்காமல், கோட்டோடு ரோட்டில் மல்லாக்கப் படுத்துப் பம்பருக்கு அடியில் தலையை விட்டான். போகிற பஸ்ஸில் இருந்து ஒருவர், “அய்யய்யோ, மாப்ள மேல வண்டி ஏறிப்போச்சுபா!” என்று கத்தினார். உள்ளேயிருந்து டேவிட் கத்தியது அதைவிடச் சத்தம்.

“அக்கா! உன் ஜாக்கெட்டு ஃபில்டரோட ஒட்டிக்கினு கெடக்குது! இதுல காத்து எங்கருந்துக்கா போவும்?”

“அவசரப்படாத, நாடாவ மட்டும் கொஞ்சம் லூசு பண்ணு!”

அவன் லூசு பண்ணவில்லை. உருவி எடுத்து, சுருட்டிக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். இதுதான் அவன் விழுங்குகிற பாதி. உறையைக் கழற்றியது அவன்.

கார் உடனே ஸ்டார்ட் ஆயிற்று என்பது உண்மைதான். ஹூம் என்று அந்தச் சத்தமும் வந்தது. “பாத்தியா? குளுந்த காத்து!” என்று தொடையைத் தட்டிக்கொண்டான், தலைமுடியில் தண்ணீர் ஒழுக.

ஐயம்பேட்டைக்கு முன்னால் ஏரித் தண்ணீர் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக் போட்டேன்.

“வேணாம்டா. திரும்பி வேற வழியாப் போலாம்.”

“வேற வழின்னா மத்தியானம் ஆயிடும். மாமா வாட்ச்சப் பாத்துக்கினு நிப்பாரு. அமுக்குக்கா!”

“உள்ள தண்ணி போயிடும்டா.”

“ஒண்ணும் ஆவாது. நின்னாத்தான் போவும். அமுக்கு!”

அம்மா பின்னால் கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்த ரெண்டையும் அடக்கும்” என்று ஜெபம் செய்துகொண்டிருந்தாள். நான் அமுக்கினேன். கால் என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. பாதித் தூரம் படகு மாதிரி போனோம். எதிரே ஒரு பஸ் வந்தது. அது கிளப்பிய அலை பம்பரில் மோதி மேலே ஏறிற்று. குழாய் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. குளிர்ந்ததாகப் பார்த்து இழுத்தது. காற்றுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி ‘டொக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சாவியைத் திருப்பினாலும் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை இறங்கித் தள்ளினான். முழங்கால் தண்ணீரில் நானும் தள்ளினேன். அம்மா மாலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காரை மேட்டில் ஏற்றிவிட்டு வருகிற ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினோம். உள்ளே ஒரு நெசவாளி, பாவு நூலைச் சுருட்டிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றோ சுற்றென்று சுற்றி மடியில் வைத்திருந்தார். பட்டு நூல், புடவைக்கு நீளவாக்கில் ஓடுவது. ஒரு பொட்டுத் தண்ணீர் படக் கூடாது. டேவிட் ஏறியதும் அவர் முகம் மாறிவிட்டது.

“தள்ளிக் குந்துபா. பாவு நனஞ்சிடப் போவுது.”

“அண்ணா, நான் கல்யாண மாப்ளண்ணா.”

“இருக்கட்டுமே. நீ நனஞ்சா காஞ்சிடுவ. பாவு நனஞ்சா நீயா வந்து பதில் சொல்லுவ?”

டிரைவருக்குப் பக்கத்தில், பாதி வெளியே தொங்கிக்கொண்டு என் தம்பி கல்யாணத்துக்குப் போனான்.

சர்ச் வாசலில் மாமா, அதாவது மெர்சியின் அப்பா, குடையும் வாட்ச்சுமாக நின்றிருந்தார். மணி பத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் டேவிட்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

“கார் எங்க?”

என் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அக்கா இஞ்சினுக்கு உறை தைச்சுப் போட்டுச்சி மாமா. அதான் நின்னுடுச்சி.”

இரண்டு வீட்டாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘கழற்றியது நீ, அமுக்கச் சொன்னது நீ’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையே பொய்யன் என்று வாசலில் வைத்துச் சொன்னால் கல்யாணம் என்ன ஆவது? முழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாய்தான் இது.

மாமா வாட்ச்சைச் சட்டைக் கைக்குள் இறக்கினார். “இன்னொரு கல்யாணத்து மாப்ளையும் மழையில மாட்டிக்கினு இன்னும் வரல. முன்னாடி வர்றவனுக்கு முன்னாடின்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. நிக்காத, உள்ள வா.”

நனைந்த கோட்டோடு பீடத்தில் நிற்க முடியுமா? மாமா தன் வீட்டில் இருந்து காய்ந்த வெள்ளைச் சட்டை ஒன்று வரவழைத்தார். மாமா உடம்பு பெரியது. சட்டைக்குள் டேவிட் காணாமல் போனான். பக்கத்து அறையில் அவனை நிற்க வைத்து, தொளதொளப்பு அத்தனையையும் முதுகுப் பக்கம் இழுத்து, கையில் இருந்த ஊக்குகளை எல்லாம் வரிசையாகக் குத்தினேன். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. போட்டோவுக்கு முன்பக்கம்தானே முக்கியம்?

சர்ச்சில் மாப்பிள்ளை சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பான் என்பது, அவன் பீடத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயம்பேட்டையே அந்த ஊக்கு வரிசையைப் பார்த்தது. முழங்காலிட்டபோது ஒன்று தெறித்து விழுந்தது. “சம்மதமா?” என்று பாஸ்டர் கேட்டார். பல் தந்தி அடிக்க, “ச-ச-சம்மதம்” என்றான். மெர்சி முக்காட்டுக்குள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தியில் அவள் என் காதில் கேட்டாள்: “அண்ணி, அந்த உறைய ஒரு தபா வாயில வெச்சி ஊதிப் பாக்கலியா?”

அந்தப் பெண்ணுக்கு இருக்கிற மூளை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்திருந்தால் கார் பிழைத்திருக்கும்.

மெக்கானிக் இஞ்சினைப் பிரித்தபோது உள்ளே பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. தண்ணீரை இஞ்சினால் நசுக்க முடியாதாம், ராடுதான் வளையுமாம். வளைந்த ராடைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்டிய துணி ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். கார் அதற்கப்புறம் ஓடவில்லை என்றாலும், பரணில் இருந்த கருப்புப் பெட்டி பழைய இடத்துக்கே போயிற்று. இப்போது எங்கள் வீட்டில் யார் ரெயின்கோட் போட்டாலும் ஒரு கேள்வி உண்டு: “மூச்சு வருதா?” தபால்காரரிடம்கூட அம்மா கேட்டுவிட்டாள்.

டேவிட் பாக்கெட்டில் சுருட்டி வைத்த உறை என்ன ஆயிற்று தெரியுமா? அவன் மகள் தலைக்கு மழைத் தொப்பியாக இருக்கிறது. கச்சிதமாகப் பொருந்துகிறது, மெரூன் பைப்பிங்கோடு. ஒரு சொட்டு இறங்குவதில்லை. அதை மாட்டி நாடா கட்டிவிடுவது டேவிட்தான். கட்டிக்கொண்டே அந்தக் கதையையும் சொல்கிறான்.

இதோ என் கணக்கு. உறையோடு விட்டிருந்தால் கார் நகர்ந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நின்ற கார் தண்ணீர் குடிக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு முதல் பிறந்தநாள். மண்டபத்தில் மைக் உண்டு. முன்வரிசையில் மாமா வாட்ச்சோடு இருப்பார். கவுன் என் கடையில் இருக்கிறது, இன்னும் கொக்கி வைக்கவில்லை. ஊசியும் நூலும் கையோடு எடுத்து வருவேன். டேவிட், கேக் வெட்டும் முன் மைக்கைப் பிடித்து, மாமா முகத்தைப் பார்த்துப் பதில் சொல். உறையைக் கழற்றியது யார்? ‘அமுக்கு’ என்று சொன்னது யார்? நீ வாயைத் திறந்த பிறகுதான் நான் கொக்கி தைப்பேன். சொல்லுடா.