தம்பியின் தொண்டை பற்றிய முழு அறிக்கை

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து வணங்கும் பெரியக்காவுக்கு,

இங்கே மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் ஒருவழியாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் பெயின்ட் கடையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் சொல்லவேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையில் வரும். தம்பியைத் தொண்டை டாக்டரிடம் காட்டு, கத்தக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு பேண்டை மூட்டைகட்டிவிட்டுக் கடைக்கு வந்து உட்காரட்டும் என்று உத்தரவு போட்டாயே, காட்டிவிட்டேன். முடிவைச் சொல்வதற்கு முன்னால் அந்த பேண்டின் கதையை நீ கேட்டாக வேண்டும், ஏனென்றால் இன்னமும் நீ அதை 'நாலு பேர் சேர்ந்து கூச்சல் போடுவது' என்கிறாய். போன மாதம் வரை நானும் அப்படித்தான் சொன்னேன்.

இவர்கள் வாசிப்பதற்கு மெட்டல்கோர் என்று பெயர். தலைதெறிக்க ஓடும் பாட்டு திடீரென்று நின்று, பீரோவை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறக்குகிற மாதிரி டம், டம் என்று நடக்கத் தொடங்கும். அதற்கு பிரேக்டவுன் என்று பெயர், அந்த இடத்துக்காகத்தான் மொத்தப் பாட்டும். ஆரம்பித்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் தொங்கவிடும் 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையைத் தன் டிரம்ஸில் மாட்டி வைத்தார், அதுவே பேண்டின் பெயராகிவிட்டது. கிட்டார் வாசிப்பவர் பல்செட் செய்கிறவர், பேஸ் கிட்டார் அவருடைய தங்கை, முதல் பாடகர் ஒரு மருந்துக்கடைக்காரர். முதல் வெளியீடு மூன்று பாட்டு, அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதிவானது. இரண்டாவது பாட்டில் பிரேக்டவுன் இறங்கிய அதிர்ச்சியில் யாருடைய காரோ அலாரம் போட்டு அலறிவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் அலாரம் மாதிரியே கூவுகிறது. கார்க்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்தார்களாம், அவர் இப்போது முதல் வரிசையில் நின்று கூவுகிறார். மருந்துக்கடைக்காரர்தான் பாவம். வெறும் தொண்டையை மட்டும் வைத்துக் கத்தியதில் ஒரு மாதம் குரலே இல்லாமல், காலைக்கு ஒன்று ராத்திரிக்கு இரண்டு என்று விரலைக் காட்டி மாத்திரை விற்றார். அந்த விரலைப் பார்த்த அன்றைக்கே தேனும் மிளகும் வாங்கி வைத்தேன், ஏனென்றால் அவருக்குப் பதிலாக மைக்கைப் பிடித்தது அதுவரை ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த நம் தம்பி.

இரண்டாவது வெளியீடு ஐந்து பாட்டு, அது என் துணி அலமாரிக்குள் உருவானது. துணி எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துண்டு எடுக்கக் கதவைத் திறக்கிறேன், உள்ளே தம்பி என் கல்யாணப் புடவைகளுக்கு நடுவே வியர்த்து வழிய நின்றுகொண்டு, "அக்கா, கதவ சாத்து, நல்லா வந்துட்டிருக்கு" என்கிறான். குழந்தை அழவில்லை, கைதட்டியது. பேய் பிசாசு என்று எழுதியிருப்பான் என நினைத்து அன்றைக்கே அவன் பாட்டு எழுதிய காகிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். நான்காவது பாட்டு உன்னையும் உன் கடை ஏணியையும் பற்றியது, அக்கா. 'ஏணி மேலேயே நின்னு எங்கள வளத்தவளே, ஒரு நிமிஷம் இறங்கி உக்காரு.' அதை அவன் கத்துகிற கத்தலில் ஒரு எழுத்தும் புரியாது, அதனால்தான் அவனால் அதைச் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

குழந்தையின் காதுக்குப் பெரிய மூடி போட்டு ஒருநாள் கச்சேரிக்கும் போனேன். அறுபது பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிறார்கள், ஒருவன் விழுந்தான், அவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு கைகள் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டன. யாரோ ஒருத்தி ஒற்றைச் செருப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே ஆடுகிறாள், தொலைத்தவன் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. இவ்வளவு மரியாதையான கூட்டத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

இனி டாக்டர். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார், நுனியில் கேமரா, சுவரில் தம்பியின் தொண்டை டிவி சைசுக்குத் தெரிகிறது. "எங்க, நீங்க கத்தறத கொஞ்சம் கத்திக் காட்டுங்க" என்றார். "மேல் குரலா, கீழ் குரலா டாக்டர்?" என்று இவன் கேட்டான். "ரெண்டும்தான் பாத்துடுவோமே." கீழ்க் குரலைத் தொடங்கியதும் நர்ஸ் கையிலிருந்த தட்டு விழுந்தது, வெளியே காத்திருந்த பெரியவர் காதுமெஷினைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டார். "இங்க பாருங்க சார், மேல இருக்கிற சதைதான் ஆடுது, அசல் குரல்நாண்ல ஒரு கீறல் இல்ல. யார் தம்பி கத்துக்குடுத்தாங்க?" "யாருமில்ல டாக்டர், வயித்துலேருந்து காத்து, தொண்டைய இறுக்கக்கூடாது. எங்க மருந்துக்கடை அண்ணனுக்கும் அதத்தான் சொல்லிக்குடுக்கறேன்." இரண்டு டாக்டர்களும் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள், நானும்தான்.

பிறகு நான் கரகரவென்று நன்றி சொன்னதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? நீங்க உக்காருங்க." திரையில் என் தொண்டை வந்தது. இரண்டு பக்கமும் கடுகு கடுகாக வீக்கம். "நீங்க எந்த பேண்டுல பாடறீங்க?" "பாடறதில்ல டாக்டர், ஒன்னரை வயசுல ஒரு பொண்ணு இருக்கா." பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கத்தவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு தூங்கியபின் உனக்கு இதை எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆக, டாக்டர் சொன்னபடி கத்தக்கூடாதவள் நான், அவனில்லை. அவனை விட்டுவிடு, அக்கா. நான் அமைதியாக இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்கிறேன், அந்த வேலைக்கு வீட்டில் ஒருத்தி போதும்.

அத்தானுக்கு என் வணக்கம், கடைப் பையன்களுக்கு விசாரிப்பு, உன் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

உன் அன்புத் தங்கை

பி.கு. காலையில் கவரை ஒட்டப் போகும்போது குழந்தை இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடித்து இழுத்தது. கத்திவிட்டேன். தம்பி சொன்னபடி, வயிற்றிலிருந்து. குழந்தை ஒயரை விட்டுவிட்டது, மாடியில் எல்லாக் கதவும் திறந்தன, தொண்டை துளியும் வலிக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷோடு வந்து நின்று, "அக்கா, இதே மாதிரி மைக்ல ஒருதடவ" என்றான். மூன்றாவது வெளியீட்டின் கடைசிப் பாட்டுக்காம், பத்து நாள் முடிந்ததும் அலமாரியில் பதிவு. அவனைக் கடைக்குக் கூப்பிடுவதாக இருந்தால் எனக்கும் சேர்த்து இரண்டு நாற்காலி போட்டு வை.