அப்பாவின் பாட்டுப்பெட்டிக்கு வந்த ஆல்ட்ரேஷன்

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். போன முறை நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பாட்டுப்பெட்டிக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். மீதிப் பாதியை அம்மா பிடுங்கிப் பேசிவிடுவார்.

போன வாரம் பெட்டியின் சின்னத் திரையில், அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போடவா, பிறகு போடவா என்று கேட்டது. நான் 'பிறகு' என்பதை அழுத்தப் போனேன். அப்பா தையல் மெஷினை நிறுத்தி, "அப்டேட்டுன்னா என்னம்மா?" என்றார். விற்ற பொருளில் குறை இருந்தால் கம்பெனிக்காரர்களே சரிசெய்து அனுப்புவது என்றேன். "காசு கேப்பானா?" "இல்லப்பா." அவ்வளவுதான், அப்பா உருகிப்போனார். "அப்போ ஆல்ட்ரேஷன்னு சொல்லு! குடுத்த துணிய அவனே தேடி வந்து பிடிச்சுக் குடுக்குறான், அவனல்லவா தொழில்காரன்! வேணாம்னா மனசு கஷ்டப்படுவான், போடு." முடியும் வரை அணைக்காதீர்கள் என்று திரை சொன்னதால், ஃபியூஸ் போய்விடுமோ என்று அப்பா அம்மாவை இஸ்திரிப்பெட்டியைத் தொட விடவில்லை, மிக்ஸியைத் தொட விடவில்லை. "உள்ள ஆபரேஷனா நடக்குது?" என்று அம்மா கேட்டதற்கும் உஷ் என்றார். கடைசியில் பெட்டி புது நிறம், புது எழுத்து என்று கண்விழித்தது. நீங்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்த பாட்டு வரிசை மட்டும் அடியோடு காணாமல் போயிருந்தது.

அந்த வரிசை அப்பாவுக்கு வெறும் பாட்டு இல்லை மாமா. வயலினில் தொடங்கும் பாட்டென்றால் காலர் தைப்பார். ஜோடிப் பாட்டென்றால் கை. பெண் குரல் தனியாகப் பாடினால் பை. பாட்டும் சட்டையும் ஒன்றாக முடியும். இப்போது பெட்டி தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுப் பாடுகிறது. அப்பாவின் காதுக்கு அது தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. நேற்றுப் பெண் குரலாகவே வரிசையாக வந்து தொலைத்தது. தைத்த ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பை, கீழே இரண்டு, உள்ளே ஒன்று, போதாதென்று முழங்கைக்கு மேல் ஒன்று. சரி, பெட்டியை நிறுத்திவிட்டுத் தையுங்கள் என்றால் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், அவையெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய கோட்டுகள். முதல் ஆர்டர். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை, இல்லையென்றால் மூலைக்கடைத் தையல்காரருக்குப் போய்விடும். பிரிக்கலாமென்றால் வெள்ளைத் துணியில் தையல் ஓட்டை தெரியும். அம்மா ஒரு கோட்டைத் தூக்கிப் பிடித்து, "ஏங்க, அவங்க கோட்டு கேட்டது நர்ஸம்மாவுக்கா, கங்காருவுக்கா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என்மேல் ஒரு வார்த்தை கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கடைச் செருப்புக்காரரிடம், "பொண்ணு பட்டம் வாங்கினவ, அவ பாத்துக்குவா" என்கிறார். நான் படித்தது தாவரவியல், மாமா. பெட்டிக்குள் ஒரு இலை இருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று பதில் வந்தது. போட்டேன். பெண் குரல்தான் வந்தது.

ஆகவே மாமா, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஞாபகமிருக்கும் அளவுக்கு உடனே எழுதி அனுப்புங்கள். மிச்சத் துணியையாவது காப்பாற்றிவிடலாம். வேளைக்குச் சாப்பிடுங்கள், கடல்காற்றில் தலையைக் காட்டாதீர்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். உங்கள் அன்பு என்றும் வேண்டும்.

பணிவுள்ள,
மருமகள்

பின்குறிப்பு: வரிசையை அனுப்ப வேண்டாம்! மேலே இருப்பதை முடித்து மடிக்கும்போதே தலைமை நர்ஸம்மா இரண்டு நாள் முந்தி வந்து நின்றுவிட்டார். ஒளித்து வைக்க நேரமில்லை. ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். முழங்கைக்கு மேலிருந்த பையில் பேனாவைச் செருகினார், மேலே தெர்மாமீட்டர், கீழே கத்தரிக்கோலும் பஞ்சும், உள்ளே போன். "இத்தனை வருஷமா பேனாவ வாயில கவ்விக்கிட்டு ஊசி போட்டிருக்கோம். யாருங்க இந்த யோசனை பண்ணது?" என்றார். அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னைக் கைகாட்டி, "பொண்ணு. பட்டதாரி" என்றார். எனக்கு வழக்கம்போல் பாதிப் பேச்சுகூட வரவில்லை. அதை நர்ஸம்மா அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி முழுக்க இதே மாதிரிதான் வேண்டுமாம். அப்பா அப்போதிலிருந்து பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், வரிசையாகக் காலராகவே வருகிறது. ஆகவே மாமா, நேற்று அது எப்படிக் கலைந்து பாடியதோ அப்படியே மறுபடி கலைய வைப்பதற்கு ஏதாவது வழி இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்.