மரண அறிவித்தலில் ஓர் இலக்கியம்

இந்தமுறை தமிழினத்தையே அழவைக்காமல் விடுவதில்லை என்று நாகேந்திரம் தீர்மானித்துவிட்டார். அதற்குத் தோதாக, ஹெந்தளையில் அவர் மனைவி நேசமலரின் சின்னம்மா இரத்தினம்மா செத்துப்போயிருந்தா.

நாகேந்திரம் எழுத்தாளர். அப்படித்தான் அவர் சொல்லுவார். வெள்ளவத்தை வாடகை வீட்டில் இருந்து அவர் எழுதித் தள்ளியதை அடுக்கினால் காலிவீதிக்குக் குறுக்கே அணை கட்டலாம். சண்டையைப் பற்றி எழுதினால் தணிக்கை வெட்டும் என்று பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பினார்கள். சண்டை இல்லாமல் எழுதினால் காலத்துக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் கதையை முழுதாக வாசித்த ஒரே மனிதர் ஒரு சோதனைச் சாவடிப் பொலிஸ்காரர்தான். தமிழ்த் தாளோடு பிடிபட்டவரைச் சாவடி மரவாங்கில் இருத்திவைத்து, தமிழ் தெரிந்த அந்த மனிதரைக் கூட்டிவந்தார்கள். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். "இதுல ஒண்ணுமில்ல, விடுங்க" என்றார். நாகேந்திரத்துக்கு விடுதலை இனிக்கவில்லை. விமர்சனம் வலித்தது.

ஆனால் வானொலி மரண அறிவித்தலை யார் வெட்டப்போகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. சனம் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்கிறது. பாட்டுக்கு மிதிக்காதவன்கூட மரண அறிவித்தலுக்கு மிதிப்பான். எத்தனை ஆயிரம் காது! நாகேந்திரம் பேனையைத் திறந்தார்.

நேசமலருக்கும் அந்த அறிவித்தல் தேவைப்பட்டது. காரணம் வேறு. அக்கா அருந்ததி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறா. அக்காவின் ஒரே மகன் கோகுலன் ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு, காட்டிலும் பனியிலும் அலைந்து, போன கிழமைதான் பாரிசில் கால் வைத்தான். கீழே இஸ்ஸதீன் நானாவின் கடைக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னான். தாய்க்கு யார் சொல்வது? கடிதம் கப்பலேறிப் போய்ச்சேர மாதக்கணக்காகும். பிள்ளை இருக்கோ இல்லையோ தெரியாமல் அக்கா அங்கே அன்ன ஆகாரமின்றிக் கிடக்கிறா. அறிவித்தலில் உறவுகளை ஊரோடு சேர்த்துத்தானே வாசிப்பார்கள்? 'பாரிஸ் கோகுலன்' என்று இரண்டு சொல் போதும்.

"எழுதிப்போட்டியளோ? வாசியுங்கோ."

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். "கதிரவன் கண்மூடிய கருக்கல் பொழுதில், முறத்தால் புலி விரட்டிய மறத்தமிழ் மரபின் கடைசி விளக்கொன்று..."

"நிப்பாட்டுங்கோ. என்னத்தை விரட்டினது?"

"புலியை."

"ரேடியோவிலயோ? இந்த நேரத்திலயோ?"

"விரட்டினது எண்டுதானேயப்பா எழுதியிருக்கிறன்! அரசாங்கத்துக்குச் சந்தோசம்தானே?"

"விரட்டினதோ, சோறு போட்டு வளர்த்ததோ எண்டு ஆர் நிண்டு விசாரிக்கப்போறான்? சின்னம்மா கரப்பான்பூச்சிக்கே கதிரையில ஏறினவ."

"இலக்கியத்தில கதிரை இல்லை."

"சரி. அக்கான்ர பேர் எங்க? கோகுலன்ர பேர் எங்க?"

"பேரெல்லாம் அடுக்கினா நடை கெட்டுப்போகும். 'உற்றார் உறவினர்' எண்டு எல்லாரையும் ஒரே வரியில அடக்கிப்போட்டன்."

"செத்தவவின்ர பேராவது இருக்கோ?"

நாகேந்திரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது... குறிப்பால உணர்த்தியிருக்கு."

நேசமலர் வாதாடவில்லை. நாகேந்திரம் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

"நல்லாத்தான் இருக்கு. தாங்கோ, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். தமிழ்த் தாளோட உங்களைத் திரும்பப் பிடிச்சாங்களெண்டா?"

நாகேந்திரத்துக்கு அந்த வாங்கு நினைவுக்கு வந்தது. மனைவிக்கும் இலக்கியத்தில் ஒரு பங்கு இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு தாளை நீட்டினார்.

அன்று பின்னேரம் நாகேந்திரம், இஸ்ஸதீன் நானா, அவர் மனைவி பலீலா, அக்கம்பக்கம் எல்லாரையும் வானொலியைச் சுற்றி இருத்தினார். "காது குடுத்துக் கேளுங்கோ. இது அறிவித்தல் இல்லை, இலக்கியம்."

வானொலி சொன்னது: "ஹெந்தளையைச் சேர்ந்த திருமதி இரத்தினம்மா கந்தப்பு காலமானார். அன்னார் காலஞ்சென்ற கந்தப்புவின் அன்பு மனைவியும், கொக்குவில் அருந்ததி, வெள்ளவத்தை நேசமலர் ஆகியோரின் சிறிய தாயாரும், பாரிசில் வசிக்கும் கோகுலனின் பாசமிகு பாட்டியாரும் ஆவார்."

நாகேந்திரம் வானொலியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கதிரவன் இல்லை. மறமும் இல்லை, முறமும் இல்லை. குசினிக்குள் நேசமலர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தா.

பலீலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தா. இஸ்ஸதீன் நானா எழும்பிவந்து கையைப் பிடித்தார். "என்னா எழுத்து ஐயா! இவ்வளவு நாளும் ஒங்களை லேசா நெனச்சிட்டேனே."

இல்லை என்றால் வெட்கம். ஓம் என்றால் பொய். நாகேந்திரம் எழுத்தாளர் அல்லவா, பொய்யைத் தெரிந்தெடுத்தார். "ஏதோ, மனம் உருகி எழுதினது."

சனம் போனபிறகு கேட்டார். "என்ர தாள் எங்கயப்பா?"

"கடல்ல விட்டனான். நீங்கள் எழுதினதில திரும்பி வராதது இது ஒண்டுதான்."

அதன் பிறகு அவர் புகழ் ஏறியது. வடக்கில் குண்டு விழ விழ, வெள்ளவத்தை வீட்டு வாசலில் ஆள் வந்தது. "அந்த இரத்தினம்மாவுக்கு எழுதினமாதிரி எங்கட அண்ணனுக்கும் ஒண்டு, ஐயா." நாகேந்திரம் கண்ணை மூடி யோசிப்பார். குசினிக்குள்ளிருந்து நேசமலர் மெல்லச் சொல்லுவா. அவர் எழுதுவார். எழுதி முடிந்தால் அடுத்த ஆள் நிற்கும்.

கொஞ்சக் காலத்தில் கொக்குவிலிலிருந்து கப்பலில் வந்திறங்கினார் நமசிவாயம், அருந்ததியின் பக்கத்து வீட்டுக்காரர். இஸ்ஸதீன் நானாவும் வேறு நாலுபேரும் இருக்கத்தக்கதாகச் சொன்னார்.

"சின்னம்மா செத்ததெண்டு ரேடியோ சொல்லுது, அருந்ததியக்கா எழும்பி நிண்டு கைதட்டிச் சிரிக்கிறா! விசராக்கும் எண்டு பிடிக்கப்போனம். அடுப்பை மூட்டிப் பால்புக்கை பொங்கி அயலுக்கெல்லாம் குடுத்தவ. இழவு கேட்டுப் புக்கை திண்டது அண்டைக்குத்தான். மற்றநாள்தான் சின்னம்மாவுக்கெண்டு இருந்து அழுதவ."

நாகேந்திரம் நெஞ்சை நிமிர்த்தினார். "எழுத்தின்ர வல்லமை அது. என்னைப்பற்றி ஏதும் சொல்லிவிட்டவவோ?"

"ஓம், கட்டாயம் கேட்டுக்கொண்டு வரச்சொன்னவ. மச்சான் எழுதினது இந்தமுறை நல்லா விளங்கினதாம்; அவருக்கு என்ன, சுகமில்லையோ?"