உரக்குழிக்குப் போன மறுவீட்டுச் சொதி

ஊருக்குப் புத்தி சொல்லுகிற வேலையில் இருப்பவன் தனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வதில்லை. நான் அறிவியல் வாத்தியார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். மதியச் சாப்பாட்டில் பிள்ளைகள் கொட்டுவதைக் குறைப்பது, கொட்டியதை உரமாக்குவது இரண்டையும் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். "அதிகாரி வந்து பாத்து நல்லபடியா எழுதிட்டாருன்னா, உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே கடுதாசி குடுக்கேன் சார்" என்றார். அந்தக் கடுதாசி வந்த பிறகுதான் எனக்குப் பெண் பார்ப்பதாக அம்மாவும் சொல்லியிருந்தாள்.

வகுப்புவாரியாக எச்சில் சோற்றை எடை போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். மானம் போகிறதே என்று பிள்ளைகள் "கொஞ்சமா வைங்க ஆயா" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் வாளியில் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும்தான் மிஞ்சின. (இந்த இடத்தில் மூளையுள்ளவன் சந்தோஷப்பட்டிருப்பான்.) நானோ குழியை எட்டிப் பார்த்தேன். ஆய்வுக்கு ஒரே வாரம். இடுப்பளவு வெட்டிய குழியில் கணுக்கால் அளவுகூட உரமில்லை. காலிக் குழியைக் காட்டி எவன் நிரந்தரம் வாங்கியிருக்கிறான்?

அந்த நேரம் பார்த்து என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மறுநாள் மறுவீடு என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைத்தே ஆக வேண்டும். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். வந்தவர்கள் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால்தான் இரண்டு வீட்டுக்கும் கௌரவம். பந்திக்குப் பின்னால் நிரம்பி நின்ற இரண்டு டிரம்களைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனந்தத்தில்.

டிரம்மை ஆட்டோவில் ஏற்றும்போது சமையல்காரர் கேட்டார்: "பன்னி வளக்கியளா சார்வாள்?"

"இல்ல அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துக்கு."

அந்த மனுஷன் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

குழியில் கொட்டுவதை ஏழாம் வகுப்பு மரியசெல்வி பார்த்துவிட்டாள். எச்சில் சோற்றை எடை போடுகிற பொறுப்பு அவளுக்கு. "சார், எண்ணெ, தேங்காப்பால்லாம் போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? சருகும் போடலியே?"

"அதெல்லாம் பரீச்சைக்கு. பேசாமப் போ" என்றேன். (நல்லாசிரியர்!) மேலே தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடினேன்.

ஆவணி வெயிலில் நாலு நாள். அதிகாரி வந்த அன்று தார்ப்பாய் உப்பி நின்றது. குழியைச் சுற்றித் தலைமையாசிரியை கோலம் போட வைத்திருந்தார். நான் கம்பீரமாகத் தார்ப்பாயை விலக்கினேன்.

குழி நெளிந்தது. முழுக்கப் புழு. வாடை எழுந்து வந்து எங்கள் எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தது. "ஆண்டவரே!" என்று தலைமையாசிரியை முந்தானையை மூக்கில் வைத்தார்.

அதிகாரி திருநெல்வேலிக்காரர். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். "இது சொதில்லா? துவையலும் கெடக்கு. பிள்ளையளுக்கு மறுவீட்டு விருந்தா போடுதீக?" பிறகு முகம் மாறியது. "இவ்வளவு சோத்தையுமா கொட்டுதுங்க?"

மரியசெல்விதான் வாயைத் திறந்தாள். "நாங்க கொட்டல சார். நாங்க மிச்சமே வைக்கல. இது சாரு கல்யாண வீட்லருந்து கொண்டாந்தது."

அதிகாரி கரும்பலகைக்குப் போய் இரண்டு மாதக் கணக்கையும் நின்று படித்தார். திரும்பி வந்து சொன்னார்: "ஏன்வே, குழி காலியாக் கெடந்திருந்தா அதுக்குத்தான்வே நல்லா எழுதியிருப்பேன்."

பிள்ளைகள் ஜெயித்ததை நானே டிரம் டிரம்மாகக் கொட்டி மூடியிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பாராட்டு, எனக்கு விளக்கம் கேட்டு ஓலை. நிரந்தரம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது, கல்யாணமும்தான்.

சேதி தங்கை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாப்பிள்ளை சத்தம் போடுவார்: "மச்சானுக்குப் பைய ஊத்துங்கப்பா. மிஞ்சுனா ஆட்டோ புடிச்சிருவாரு!"

போன வாரம், அவர் வாயால் இந்தக் கதையைப் பலதடவை கேட்ட என் ஆறு வயசு மகள் பாதித் தோசையைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்தாள். வாத்தியார் குரலில், "சாப்பாட்ட வீணாக்கலாமா?" என்றேன்.

கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, அதிகாரி யாரும் வரலியா?"