ரம்மி வேற, போக்கர் வேறங்க மாமா

பெண் வீட்டில் வாயைத் திறக்காத மாப்பிள்ளைக்கு ஆபத்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. மிஞ்சிப் போனால் ஊமையோ என்று சந்தேகப்படுவார்கள். பிறகு அவர்களே 'அடக்கமான பையன்' என்று முடிவுகட்டி இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பேசினேன். முடிவாகியிருந்த என் கல்யாணம் கொல்லிமலையில், மிளகு காயப்போடும் களத்தில், ஒரு மதியம் அந்தரத்தில் தொங்கியதற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

அப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டத்தை நடத்தும் கம்பெனி. நான் சீட்டு ஆடுகிறவன் அல்ல (ஆடினால் தோற்பேன்). ஆட்டத்தை நடத்துவதில் யாராவது புதிதாக ஒரு முறையை யோசித்தால், அதற்குக் காப்புரிமை வாங்கினால் என்ன விலை பெறும் என்று மதிப்புப் போட்டுச் சொல்வது என் வேலை. நம் நாட்டுச் சட்டத்தில் விளையாட்டு முறைக்குக் காப்புரிமை கிடையாது. வெளிநாடுகள் சிலவற்றில், கணினி செய்கிற வேலை போலச் சாமர்த்தியமாக எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். ஆக, இங்கே இல்லாத சரக்குக்கு அங்கே ஒரு விலை சொல்லி, இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கிருந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா!

கோகிலாவுக்கு அதே கட்டடத்தில் வேறொரு ஆபீஸில் வேலை. சொந்த ஊர் கொல்லிமலை, வாழவந்தி நாடு (அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு). என் அப்பா அம்மா ராசிபுரத்திலிருந்து மலையேறிப் போய்ப் பேசினார்கள். அவள் அம்மா பாப்பாத்தி அத்தையும் "பொண்ணக் குடுக்கறமுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்கு முன்னால் ஒருநாள் விருந்துக்கு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் மேலே ஏறும்போதே கோகிலா எச்சரித்தாள்.

"எங்க ஊட்டுல சீட்டுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. அப்பா ஒரு வருஷத்து மிளகை ரம்மியில விட்டவரு. அம்மா அவரை இழுத்துட்டுப் போயி, அம்மன் கோயில்ல சூடத்தை அணைச்சு, இனி ரம்மி ஆட மாட்டேன்னு சத்தியம் வாங்குச்சு. உங்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில பேட்டன்ட் வேலைன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"நான் என்ன குழந்தையா?" என்றேன். (குழந்தையாக இருந்திருந்தால் தூங்கியாவது போயிருப்பேன்.)

போய்ச் சேர்ந்ததும் அத்தையும் கோகிலாவும் சந்தைக்குக் கிளம்பினார்கள். வீட்டில் நான், கோகிலாவின் அப்பா அண்ணாமலை மாமா, அவர் தம்பி செல்வராசு சித்தப்பா, மூவர்தான். மாமா கொஞ்ச நேரம் மிளகைக் காலால் கிளறிவிட்டார். வானத்தைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, பேட்டன்ட்டு பேட்டன்ட்டுன்னு கோகிலா சொல்லுது. அது என்ன வேலைங்க?"

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லியிருந்தால் தலை தப்பியிருக்கும். எனக்கோ நாக்கு நமநமவென்றது. ஆபீஸில் யாருமே பொறுமையாகக் கேட்காத விஷயத்தை ஒரு மனிதர் மரியாதையாகக் கேட்கிறார்! கொட்டித் தீர்த்துவிட்டேன். போக்கரில் ஒரு புது முறை வந்திருப்பதைச் சொன்னேன். கைக்கு வந்த சீட்டு பிடிக்கவில்லையா, கீழே போட்டுவிடலாம். மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை கொட்டாவி விடவேண்டாம். அந்த நொடியே வேறு மேஜை, வேறு ஆட்கள், புதுச் சீட்டு. காத்திருக்கும் நேரமே இல்லாததால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஆட்டம் ஓடும், ஒவ்வோர் ஆட்டத்திலும் நடத்துகிறவனுக்குப் பங்கு வரும். அந்த முறைக்கு உரிமை நம்மிடம் இருந்தால், வேறு எவன் அப்படி நடத்தினாலும் நமக்கு உரிமத்தொகை கட்டவேண்டும். இதுதான் தொழில் ரகசியம் என்று முடித்தேன்.

மாமாவுக்கு உரிமத்தொகையில் ஆர்வம் இல்லை.

"அப்ப ரம்மி வேற, இது வேறயா?"

"அடிப்படையே வேறங்க மாமா."

"சீட்டு அதேதானுங்க?"

"சீட்டு அதேதான். ஆனா முறையை மாத்துனா அது புது ஆட்டம். சில நாட்டுச் சட்டமே அப்படி ஒத்துக்குது."

"சட்டமே ஒத்துக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அது அறிவுத் தாகமாகத் தெரிந்தது. அத்தனை வருஷமாகச் சத்தியத்துக்குப் பயந்து சீட்டு கிடக்கும் திசைக்கே முதுகைக் காட்டி நடந்த மனிதர், ஒரு சந்து கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"செல்வராசு, அம்மங்கிட்ட நான் ரம்மின்னுதான சொன்னேன்?"

"ரம்மின்னுதாங்கண்ணா சொன்னீங்க. நாந்தான் பக்கத்துல நின்னனே."

"சும்மா, என்னன்னு தெரிஞ்சுக்கலாம். சீட்டுக்கட்டுக்கு எங்க போறது?" என்று மாமா பெருமூச்சு விட்டார். சித்தப்பா அண்டர்வேர் பாக்கெட்டில் கைவிட்டு இரண்டு கட்டுகளை எடுத்தார். (சத்தியம் செய்தது அண்ணன் மட்டும்தானே!)

அடுத்த அரைமணி நேரத்தில் களத்தில் ஒரு பாய், பலா மரத்தடியில் ஒரு பாய். பங்காளிகள் நாலு பேர் வேலியைத் தாண்டி வந்தார்கள். பெரக்கரை நாட்டிலிருந்து வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒருவர், விவரம்கூடக் கேட்காமல் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பந்தயம் வைக்கப் பணம் வேண்டாம் என்று நான் நேர்மையின் சிகரமாகச் சொன்னேன். சித்தப்பா உள்ளே போய் ஒரு பானை மொச்சையைத் தூக்கி வந்தார். சாம்பல் பூசிய மொச்சை. சாம்பல் ஏன் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது, ஆனால் அதற்குள் சீட்டு போடும்படி கூச்சல் வந்துவிட்டது.

முறை என்னவென்றால், சீட்டைப் போட்டவன் எழுந்து அடுத்த பாய்க்கு ஓடவேண்டும். கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வதை இவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தார்கள். சித்தப்பாவுக்குச் சீட்டைவிட ஓட்டம் பிடித்துப்போய், கைக்கு வந்ததைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட்டு ஓடினார். எதிரெதிரே வந்த இரண்டு பங்காளிகள் மோதிக்கொண்டார்கள். மிளகு சிதறியது. எல்லார் கையும் முகமும் சாம்பல். மாமா மட்டும் நல்ல சீட்டோடு அசையாமல் உட்கார்ந்து, மொச்சையைக் குவித்து, "தம்பி, உங்க கம்பெனி நல்லா இருக்கோணும்" என்று மனதார வாழ்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பாய்க்கும் நடுவில் கட்டைக் கலைத்துக்கொண்டு நின்ற நான், இந்த வீட்டுக்கு என்னைப் போல ஒரு மாப்பிள்ளை வாய்க்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கையில் கோழியோடு பாப்பாத்தி அத்தை வந்து நின்றார். பின்னால் கோகிலா.

பங்காளிகள் வந்த வழியே வேலியைத் தாண்டிப் போனார்கள். பெரக்கரை நாட்டு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. களத்தில் ஓடிக்கொண்டிருந்த சித்தப்பா, ஓட்டத்தை நிறுத்தாமல் அப்படியே கொல்லைக்குப் போய்விட்டார்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பானையை எட்டிப் பார்த்தார்.

"விதை மொச்சைங்க இது. பூச்சி விழாம இருக்கச் சாம்பல் பூசி வெச்சது."

மாமா எழுந்தார். "பாப்பாத்தி, நான் சத்தியத்த மீறல. இது ரம்மி இல்ல, போக்கரு. முறைய மாத்துனா புது ஆட்டமாம். சட்டமே அப்படித்தானாம். தம்பிதான் வெவரமாச் சொன்னாரு." பெருமையோடு என்னைக் காட்டினார். "அவிய கம்பெனியே சீட்டாட்டக் கம்பெனிதான்!"

கோகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்தார்.

"ஒண்ண மாத்துனா அது புதுசுங்களா தம்பி?"

"அது வந்துங்கத்தை..."

"நான் வாக்குக் குடுத்தது கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளைக்குங்க. நீங்க சீட்டாட்டக் கம்பெனி மாப்பிள்ளை. அப்ப இது புது சம்பந்தமாச்சே. அந்த வாக்கு இதுக்குச் செல்லாதுங்க. சாப்புட்டுப் போட்டுக் கெளம்புங்க."

என் வாதத்தாலேயே என் கழுத்தில் கயிறு. வேலை போனால் வேறு வேலை. கோகிலா போனால் நான் எங்கே போவேன்? அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "வாயை மட்டும் பெங்களூர்லயே விட்டுட்டு வந்திருக்கக்கூடாதா? இப்ப ஏதாவது பண்ணுங்க."

"அத்தை, நானும் சத்தியம் பண்றேன்" என்றேன்.

"உங்க சத்தியத்துல எத்தனை ஓட்டை வெப்பீங்களோ?"

அங்கேதான் என் தொழில் புத்தி விழித்தது. ஓட்டை வைக்காமல் எழுதுவதுதானே காப்புரிமையின் உயிர்! சாயங்காலம் அம்மன் கோயிலில், மாமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சூடத்தின் முன்னால் கணீரென்று சொன்னேன்: "ரம்மியோ போக்கரோ, இப்போது இருப்பதோ இனி எவனாவது கண்டுபிடிக்கப் போவதோ, காகிதத்திலோ கைப்பேசியிலோ, பணம் வைத்தோ மொச்சை வைத்தோ வைக்காமலோ, எந்தச் சீட்டாட்டத்தையும் நானாக ஆடவோ, பிறரை ஆடவைக்கவோ, பிறர் ஆடுவதால் பிழைக்கவோ மாட்டேன்." மாமா ஒவ்வொரு சொல்லாக, அழாத குறையாகத் திருப்பிச் சொன்னார். பூசாரியே ஒரு கணம் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அத்தை முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு தெரிந்தது.

"இது சத்தியமுங்க. பொண்ணக் குடுக்கறேன்."

திரும்பும்போது பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. 'பிறர் ஆடுவதால் பிழைக்கவோ' என்ற இடம் நினைவுக்கு வந்ததும் எனக்கு வியர்த்தது. அது என் வேலை! வாய் கொழுத்துப்போய், என் சம்பளத்தையும் சேர்த்துச் சூடத்தில் கொளுத்தியிருக்கிறேன். கோகிலாவிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற வேலை பாத்துக்கலாம், அம்மன் கிட்ட சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

இப்போது நான் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் இயந்திரங்களின் காப்புரிமை பார்க்கிறேன். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை வந்து என் பழைய கம்பெனி மூடப்பட்டபோது, அத்தை அதைத் தன் அம்மன் செய்த வேலையாகவே ஊரெல்லாம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாராவது சொன்ன சொல்லிலிருந்து நழுவப் பார்த்தால், "இது புது ஆட்டமுங்களா?" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அத்தையின் குரல்.

போன ஆனி மாதம் மலைக்குப் போயிருந்தோம். அத்தைக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வெல்லத்தைத் தொடமாட்டேன் என்று கோகிலா தலையில் அடித்துச் சொல்லியிருந்தார் அத்தை. மதியம் நானும் மாமாவும் கொல்லைப் பக்கம் போனால், பலாச்சுளையைத் தேனில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"பாப்பாத்தி!" என்றார் மாமா.

அத்தைக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. பிறகு சுளையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "வெல்லந்தானுங்க தொடமாட்டேன்னேன். இது தேனு. புது ஆட்டமுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"தம்பி, இந்த முறை நாம கண்டுபுடிச்சதுங்களே. வேற ஆளு நடத்துனா நமக்கு என்னமோ கட்டோணும்னீங்களே?"

"உரிமத்தொகைங்க மாமா."

அத்தை வாசல் பக்கம் எட்டி, கோகிலா வருகிறாளா என்று பார்த்தார். பிறகு ஆளுக்கு இரண்டு சுளை எடுத்துத் தேனில் முக்கி எங்கள் கையில் திணித்தார்.

"இந்தாங்க, கட்டியாச்சு. சத்தமில்லாமத் தின்னுங்க."