ஈயம் பூசப்போன குடம்

“இஞ்சாருங்க, அந்தக் குடம்...”

பட்டறை வாசலில் ஜூலியானா நின்றாள். கையில் சீதனமாக வந்த செப்புத் தட்டம். அதை அவள் தூக்கிப் பிடித்திருந்த விதம் யாக்கோபுக்குப் பிடிக்கவில்லை. எறிந்தால் நேராகத் தலைக்குத்தான் வரும்.

சீதனக் குடத்தை ஈயம் பூசக் கொடுத்திருப்பதாக அவளிடம் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உண்மையில் குடம் எங்கும் போகவில்லை. மேசையில் முழங்கை நீளத்தில் நின்ற ரயில் எஞ்சினுக்குக் கொதிகலனாகி, அவள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. முந்தல் ஊரில் சைக்கிள் திருத்திப் பிழைக்கிறவனுக்கு ரயில் எதற்கு என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. புத்தளத்துக்குத் தண்டவாளம் போட்ட நாளில் பிடித்த பைத்தியம் அது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். யாக்கோபு வாயைத் திறந்தான்.

“குடத்த நேர்த்திக்குத்தான் எடுத்தனான். தலவில அன்னம்மாத் தாய்க்கு ரயில் செஞ்சு குடுக்கிறதா நேர்ந்திருக்கிறன்.”

தலவிலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளியில் கை, கால், வள்ளம் என்று செய்து கொடுக்கிறவர்கள் உண்டு. ரயில் கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஜூலியானா தட்டத்தை மெல்லத் தாழ்த்தினாள். “உண்மையாவே நேர்ந்தீங்களா?”

“ஓம்.”

“இந்த ரயிலையா? வேற ஒண்டும் கிடைக்கேல்லையா?”

“நேர்ந்தாச்சு.”

“அப்ப குடுக்கத்தானே வேணும்.”

அவள் தட்டத்தோடு திரும்பிப் போனாள். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்து போயிருந்தது. கோபம் என்று யாக்கோபு நினைத்துக்கொண்டான். தலை தப்பியதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

ரயிலைக் கொடுக்கும் எண்ணம் அவனுக்கு எள்ளளவும் கிடையாது. ஆறு வருட உழைப்பு. பின்னேரங்களில் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்க்கவேண்டும். இந்த உலகத்தில் அவன் கேட்டது அவ்வளவுதான். தலவிலைத் திருநாள் கழிந்தால் நேர்த்திப் பேச்சும் கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அனஸ்தாசியா அக்கா வந்து எஞ்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நடுவில ஓலை வேலிதானே தம்பி. எல்லாம் கேட்டது.”

அவளுக்குக் கேட்டது ஊருக்குக் கேட்டது. ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமியே அறிவித்துவிட்டார். யாக்கோபின் ரயில் இந்த வருடத் திருநாளுக்கு வண்டில் கட்டிப் போகிறதாம்.

யாக்கோபுக்கு வியர்த்தது. வீட்டுக்கு வந்ததும், “இந்த வருசம் ஏலாது. அடுப்புப் பெட்டிக்குச் செப்புத் தகடு இல்ல. நான் எங்க போய்த் தேடுறது?” என்றான்.

ஜூலியானா எழுந்து போய், அந்தத் தட்டத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“வெட்டுங்க.”

மறுக்க வழியில்லாமல் வெட்டினான். தட்டம் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தித் தொலைத்தது.

அடுத்த சாக்கு தயாராக இருந்தது. “கோயிலுக்குள்ள வெடிச்சா என்ன செய்யிறது?”

அனஸ்தாசியா அக்கா விடுவாளா? புத்தளம் ரயிலில் கரி அள்ளிப் போடுகிற ஜபாரைக் கையோடு கூட்டிவந்தாள். ஜபார் குனிந்து ஒவ்வொரு ஒட்டாகத் தட்டிப் பார்த்தார்.

“வெடிக்கும் எண்டு சொல்லுங்க காக்கா,” என்று யாக்கோபு அவர் காதுக்குள் கெஞ்சினான்.

“நேர்ந்த சாமானுக்குப் பொய் சொல்லேலா தம்பி. சிரட்டைக்கரியப் போடுங்க.”

பீப்பா வளையங்களை வெட்டி முற்றத்தைச் சுற்றிப் போட்டிருந்த தண்டவாளத்தில் எஞ்சின் முதலில் இருமியது. பிறகு சில்லுகள் அசைந்தன. பிறகு அது ஓடியது. வேலியோரம் கூடிநின்ற சனம் சிலுவை போட்டுக்கொண்டது. யாக்கோபு எல்லாவற்றையும் மறந்தான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஜூலியானா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன பக்தி இவளுக்கு என்று நினைத்தான்.

அந்த ஒரு ஓட்டத்தோடு சரி. திருநாளன்று எஞ்சின் தலவிலைக் கோயிலில் வெள்ளி வள்ளங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. யாக்கோபு வெறுங்கையோடு வெளியே வந்தான். தலையில் தட்டம் பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற டொறத்தியிடம் ஜூலியானா தன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி வாங்கி, அவனைப் பார்க்காமலே உள்ளே கொண்டுபோனாள்.

“நேர்த்தி என்ரது. இவ எதுக்கு மெழுகுதிரி கொளுத்துறா?” என்றான் யாக்கோபு.

டொறத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதா? போன திருநாளில இந்த இடத்தில நிண்டுதான் நேர்ந்தவ. ‘குடத்த வெட்டிப்போட்டு மனுசன் பயந்து ஒளிச்சுத் திரியுறார், என்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறன், செப்பு காணாட்டி தட்டத்தையும் நானே அவருக்குக் குடுக்கிறன் தாயே, அந்த ரயில் எங்கட முற்றத்தில நாளும் ஓடவேணும்’ எண்டு.”